கடை மென்பொருளைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடுவது எப்படி: சிறு நிறுவனங்களுக்கான முழுமையான வழிகாட்டி

கீழமாசி வீதியின் மொத்த மளிகைக் கடைகளுக்கும், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் கமிஷன் கடைகளுக்கும், வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கத்து அரிசி ஆலைகளுக்கும் பில் போடவும் பேரேடு பார்க்கவும் மென்பொருள் எழுதித் தரும் இரண்டு பேர், மூன்று பேர் நிறுவனங்கள் மதுரையில் உண்டு. தங்கள் மென்பொருளைக் கட்டற்ற மென்பொருளாக (யாரும் பயன்படுத்தவும் படித்துத் திருத்தவும் பகிரவும் கூடியதாக) வெளியிட விரும்பும் அப்படிப்பட்ட நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன். மண்டிக் கணக்கு மென்பொருள் ஒன்றை நானே அவ்வாறு வெளியிட்டிருக்கிறேன். பிறகு வேறு சிலர் அதே வேலையில் இறங்கியபோது உடனிருந்து பார்த்திருக்கிறேன்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மூலநிரலை இணையத்தில் ஏற்றுவதிலிருந்து தொடங்குகிறார்கள். அது ஏறத்தாழக் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. ஏற்றிய நிரலை யார் யார் படியெடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. ஒருமுறை கொடுத்த உரிமத்தைப் பெற்றவரிடமிருந்து பறிக்கவும் முடியாது. ஜிபிஎல் (ஜிஎன்யூ பொது உரிமம்) என்ற பரவலான கட்டற்ற உரிமத்தின் மூன்றாம் பதிப்பு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கும்வரை அந்த அனுமதி திரும்பப் பெற முடியாதது. ஆகவே கீழே உள்ள படிகளை, வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

தொடங்கும் முன் சில தாள்களை ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள்: இதுவரை நிரல் எழுதிய ஒவ்வொருவரின் பணி ஆணை, வெளியாட்களுக்குப் பணம் கொடுத்த பில்கள், வாடிக்கையாளர்களோடு போட்ட ஒப்பந்தங்கள், பிறர் எழுதி நாம் பயன்படுத்திய நிரல் தொகுப்புகளின் பட்டியல். இதற்கென்று ஒருவரை இரண்டு வாரமாவது வேறு வேலை கொடுக்காமல் விட வேண்டும். பில் போடும் நேரத்துக்கு இடையில் செய்து முடிக்கும் வேலை இல்லை இது.

1. நிரல் யாருடையது என்பதை எழுத்தில் உறுதி செய்யுங்கள்

இந்தியாவில் கணினி நிரல், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி இலக்கியப் படைப்பு வகையைச் சேர்ந்தது. பதிப்புரிமை யாரிடம் இருக்கிறதோ அவரால்தான் உரிமம் வழங்க முடியும். எனவே எந்த உரிமம் என்று யோசிக்கும் முன், வழங்கும் தகுதி நமக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் தம் பணியின் பகுதியாக எழுதிய நிரலுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்று 17-ஆம் பிரிவு கூறுகிறது. வெளியிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எழுதிக் கொடுத்தவரின் நிலை வேறு. பேசிய தொகை முழுவதையும் கொடுத்திருந்தாலும், எழுத்தில் உரிமை மாற்றம் இல்லையென்றால் பதிப்புரிமை அவரிடமே நிற்கும். வேலை ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் பயிற்சிக்கு வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போன கல்லூரி மாணவர் எழுதிய பகுதிக்கும் இதே கேள்வி எழும்.

எங்கள் மென்பொருளில், மின்னணுத் தராசிலிருந்து எடையைப் படித்துப் பில்லில் ஏற்றும் பகுதியை வெளியாள் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குப் பணம் கொடுத்த பில் இருந்தது. உரிமைத் தாள் இல்லை. அவர் அதற்குள் வெளிநாடு போய்விட்டார். தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க நான்கு மாதம் ஆனது. அதுவரை வெளியீடு முழுவதும் நின்றது. அவர் மறுத்திருந்தால் அந்தப் பகுதியை முதலிலிருந்து எழுத வேண்டியிருந்திருக்கும்.

உரிமை மாற்றத் தாளில் எதை எழுத வேண்டும் என்பதை 19-ஆம் பிரிவு தீர்மானிக்கிறது. மாற்றித் தருபவர் கையெழுத்திட வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்பவை இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லையென்றால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகவும் செய்யும். கட்டற்ற உரிமம் உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முடியும்வரைக்கும் வழங்கப்படுவது. ஐந்தாண்டு உரிமையை வைத்துக்கொண்டு அதை வழங்க முடியாது. இணையத்தில் கிடைக்கும் அயல்நாட்டு மாதிரித் தாளை அப்படியே அச்சிடுபவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். அறிவுசார் சொத்துரிமை தெரிந்த வழக்குரைஞர் ஒருவரிடம் இந்த ஒரு தாளையாவது காட்டிவிடுங்கள்.

கடைக்காரர் காசு கொடுத்து அவருக்கென்று எழுதச் சொன்ன பகுதிகளையும் பாருங்கள். காசு கொடுத்தவருக்கே பதிப்புரிமை என்ற விதி புகைப்படம், ஓவியம், திரைப்படம் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே உண்டு. கணினி நிரல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் ஒப்பந்தத்தில் இரகசியம் காக்கும் வரி இருந்தால், உரிமை நம்மிடம் இருந்தும் வெளியிடுவது ஒப்பந்த மீறலாகலாம். அப்படிப்பட்ட வாடிக்கையாளரிடம் நேரில் போய்க் கேட்டு, ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டுப் போனபோது எங்களுக்கு யாரும் மறுக்கவில்லை.

2. நிரலுக்குள் இருக்கும் பிறர் பொருள்களைக் கணக்கெடுங்கள்

ஒரு விரிதாளில் ஒவ்வொரு நிரல் தொகுப்புக்கும் ஒரு வரி போடுங்கள். பெயர், பதிப்பு எண், உரிமம், எங்கிருந்து எடுத்தோம், நாம் திருத்தினோமா, கடைக்காரரிடம் போகும் கோப்புகளில் அது இருக்கிறதா என்பவை போதும். நேரடியாகச் சேர்த்தவற்றோடு, அவை இழுத்து வந்தவற்றையும் எழுத வேண்டும். பெரும்பாலான மொழிகளின் தொகுப்பு மேலாளர் கருவிகளே இந்தப் பட்டியலை எடுத்துத் தரும். ஆனால் நிரலுக்குள் யாரோ நகலெடுத்து ஒட்டிய பகுதிகளைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க முடியும்.

உரிமங்கள் மூன்று வகையாக நடந்துகொள்ளும். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 ஆகியவை பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே கொடுக்கச் சொல்வதோடு ஏறக்குறைய நிறுத்திக்கொள்ளும். எல்ஜிபிஎல், மொசில்லா உரிமம் ஆகியவை தம் பகுதியின் திருத்தங்களைத் திறந்து வைக்கச் சொல்லும். ஜிபிஎல், ஏஜிபிஎல் ஆகியவை தம்மோடு சேர்ந்து ஒரே நிரலாக மாறும் முழுமையையும் அதே உரிமத்தில் கொடுக்கச் சொல்லும். ஒன்றோடொன்று சேராதவையும் உண்டு: அப்பாச்சி 2.0 நிரலை ஜிபிஎல் மூன்றாம் பதிப்போடு சேர்க்கலாம், இரண்டாம் பதிப்பு மட்டும் என்று குறித்த நிரலோடு சேர்க்க முடியாது. இந்த ஒரு முரண்பாட்டைக் கணக்கெடுப்பில் கண்டுபிடிக்காமல், உரிமம் தேர்ந்தெடுத்த பிறகு கண்டுபிடித்துத் திண்டாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உரிமமே குறிப்பிடாத நிரல் எல்லோருக்கும் பொது என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. உரிமம் இல்லையென்றால் எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலர் கேள்வி-பதில் தளத்திலிருந்து எடுத்த துண்டுகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருபவை. 2018 மே மாதத்துக்குப் பின் வந்தவை அதன் 4.0 பதிப்பில் இருப்பதால் ஜிபிஎல் மூன்றாம் பதிப்போடு சேரும். அதற்கு முந்தியவை சிக்கல். பத்து வரித் துண்டுக்காக உரிமத்தை ஆராய்வதைவிட, அதை நாமே புதிதாக எழுதிவிடுவது எளிது.

தமிழில் பில் அச்சிடுபவர்கள் எழுத்துருவை மறந்துவிடுகிறார்கள். பழைய (யூனிகோடுக்கு முந்தைய) குறியாக்கத்தில் வந்த எழுத்துருக்கள் பல, கடைக்குக் கடை கைமாறி வந்தவை. அவற்றுக்கு உரிமத் தாளே கிடைக்காது. அப்படிப்பட்டதை மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. அந்த உரிமம் எழுத்துருவை மட்டும் தனியாக விற்பதைத் தடுக்கிறது. மென்பொருளோடு சேர்த்து விற்க அனுமதிக்கிறது. ரசீதுக்காக எழுத்துருவின் அகலத்தைச் சுருக்கித் திருத்தினால், மூல எழுத்துருவுக்கு ஒதுக்கப்பட்ட பெயர் இருக்கும்பட்சத்தில் உங்கள் திருத்தத்துக்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

ரசீது அச்சுப்பொறி நிறுவனமும் பணம் செலுத்தும் கருவி நிறுவனமும் தரும் இணைப்பு நிரல்கள் பெரும்பாலும் பிறருக்குக் கொடுக்க அனுமதி இல்லாதவை. அவற்றை வெளியே எடுத்துத் தனிச் செருகுநிரலாக்குங்கள், அல்லது பொதுத் தரத்தில் பேசும் நிரலை எழுதுங்கள். இந்தப் படியில் மிக அதிக நேரம் பிடிப்பது இதுதான்.

3. மாதிரித் தரவையும் மாற்ற வரலாற்றையும் சுத்தம் செய்யுங்கள்

சோதனைத் தரவுத்தளத்தில் உண்மையான கடையின் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். எங்களிடம் இருந்தது. வாடிக்கையாளர் பெயர், கைபேசி எண், கடன் பாக்கி எல்லாம் அப்படியே இருந்தன. ஜிஎஸ்டி எண்ணையும் விட்டுவைக்கக் கூடாது: அதன் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். தனி உரிமையாளர் கடையென்றால் அது ஒரு மனிதரின் பான் எண். இவற்றை வெளியிட்டால், பாக்கிக் கணக்கை நம்மை நம்பிக் கொடுத்தவருக்கு நாம் செய்யும் துரோகமாக அது முடிந்துவிடும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

குறுஞ்செய்தி அனுப்பும் சேவையின் சாவி, மின்னஞ்சல் கடவுச்சொல் போன்றவற்றை இன்றைய கோப்பிலிருந்து அழித்தாலும், கிட் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவி) களஞ்சியத்தின் பழைய பதிவுகளில் அவை இருக்கும். ஆகவே அழிப்பதற்கு முன் அந்தச் சாவிகளைச் செல்லாதவையாக்கிப் புதியவை வாங்குங்கள். பிறகு வரலாற்றைத் தூய்மையாக்கும் கருவிகளோடு போராடுவதைவிட, சிறு நிறுவனம் புதிய களஞ்சியத்தில் ஒரே பதிவாகத் தொடங்குவது பாதுகாப்பானது என்பது என் கருத்து. பழைய களஞ்சியத்தை உங்களிடமே வைத்திருங்கள்; யார் எதை எழுதினார் என்ற கேள்வி வந்தால் அதுவே ஆதாரம். வரலாறு போனாலும் எழுதியவர்களின் பெயர் போகாதபடி, ஆசிரியர் பட்டியல் கோப்பு ஒன்றைச் சேருங்கள்.

4. உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள்

கட்டற்றது என்றால் இலவசம் என்ற எண்ணத்தை முதலில் நிறுவனத்துக்குள்ளேயே நீக்க வேண்டும். பயன்படுத்தவும், படித்துத் திருத்தவும், பகிரவும், திருத்தியதைப் பகிரவும் உள்ள நான்கு உரிமைகளைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 0 முதல் 3 வரை எண்ணிட்டுச் சொல்கிறது. விலை அதில் வரவில்லை. ஜிபிஎல் மென்பொருளை என்ன விலைக்கும் விற்கலாம். வாங்கியவர் அதை மற்றவருக்குக் கொடுப்பதைத் தடுக்க முடியாது என்பதுதான் வேறுபாடு.

அடுத்து ஒரே ஒரு கேள்வியை வைத்துத் தேர்ந்தெடுங்கள்: நம் நிரலை எடுத்து வேறொருவர் மூடிய பொருளாக விற்றால் நமக்குச் சம்மதமா? சம்மதம் என்றால் எம்ஐடி அல்லது அப்பாச்சி 2.0. காப்புரிமை (கண்டுபிடிப்புக்கான பேட்டன்ட்) பற்றிய வெளிப்படையான அனுமதி வாசகம் இருப்பதால் நான் அப்பாச்சியைச் சொல்வேன். சம்மதம் இல்லை என்றால் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. கடையின் கணினியில் நிறுவாமல், வாடகைச் சேவையகத்தில் ஓடி உலாவியில் திறக்கும் மென்பொருள் என்றால் ஏஜிபிஎல். காரணம், ஜிபிஎல்லின் கடமைகள் படியைப் பிறரிடம் கொடுக்கும்போதே எழுகின்றன. வலைவழியாகப் பயன்படுத்தக் கொடுப்பது படி கொடுப்பதாகாது. 2007-இல் வந்த ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் 13-ஆம் பிரிவு அந்த இடைவெளியை அடைக்கிறது: திருத்திய பதிப்பை வலையில் ஓட்டுபவர், அதைப் பயன்படுத்துபவருக்கு மூலநிரலைத் தர வேண்டும்.

பகுதிக்குப் பகுதி வேறு உரிமம் வைப்பதும் உண்டு. மும்பையின் ஃபிராப்பே நிறுவனம் தன் இஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிக நிர்வாகச் செயலியை ஜிபிஎல் மூன்றாம் பதிப்பிலும், அது நிற்கும் அடித்தளத்தை எம்ஐடியிலும் கொடுக்கிறது. தராசு படிக்கும் சிறு தொகுப்பு எல்லோருக்கும் பயன்பட வேண்டுமென்றால் அதைத் தளர்ந்த உரிமத்தில் வைத்துவிட்டு, மண்டிக் கணக்கை ஜிபிஎல்லில் வைக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

சொந்தமாக உரிமம் எழுதாதீர்கள். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற வரியைச் சேர்த்தால் அது கட்டற்ற மென்பொருளாகாது. துறையை வைத்தோ ஆளை வைத்தோ பாகுபாடு காட்டும் உரிமத்தைத் திறந்த மூலம் (ஓப்பன் சோர்ஸ்) என்றும் ஏற்பதில்லை. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் கீழ், அதோடு ஒட்டிய கூடுதல் தடையைப் பெற்றவர் நீக்கிவிடவும் செய்யலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களை மென்பொருளுக்கு வைக்க வேண்டாம் என்று அந்த அமைப்பே கூறுகிறது; கையேட்டுக்கு அவை பொருந்தும்.

5. உரிமக் கோப்புகளை வையுங்கள், பழைய தடைகளை எடுங்கள்

உரிமத்தின் முழு வாசகத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் களஞ்சியத்தின் மேல்மட்டத்தில் தனிக் கோப்பாக வையுங்கள். ஒவ்வொரு நிரல் கோப்பின் தலையிலும் பதிப்புரிமை வரியும், எஸ்பிடிஎக்ஸ் குறியீட்டு வரியும் (உரிமத்தின் பெயரைச் சொல்லும் பொதுக் குறுங்குறி) போடுங்கள். கோப்பு ஒன்று மட்டும் பிரிந்து வேறு இடம் போனாலும் உரிமம் கூடவே போகும் என்பது காரணம். இரண்டாம் படியின் விரிதாளிலிருந்து, பிறர் பொருள்களின் குறிப்புக் கோப்பைத் தயாரித்துச் சேருங்கள்.

சேர்ப்பதைவிட எடுப்பதில்தான் மறதி அதிகம். பழைய நிறுவல் திரையில், இந்த மென்பொருளைப் படியெடுப்பது சட்டப்படி குற்றம் என்ற எச்சரிக்கை அப்படியே நிற்கும். பில் புத்தகத்தில், ஒரு கணினிக்கு மட்டும் என்று அச்சடித்திருக்கும். டாங்கிள் (கணினியில் செருகும் பூட்டுக் கருவி) செருகினால்தான் திறக்கும் நிரல் பகுதி உள்ளே இருக்கும். உரிமம் ஒன்றைச் சொல்லி, திரை வேறொன்றைச் சொன்னால், பயனர் திரையைத்தான் நம்புவார். மூன்றையும் தேடி எடுங்கள். ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு) ஒப்பந்தத்தையும் திருத்தி, பணம் எதற்கு என்பதைப் பழுது பார்த்தல், நேரில் வருதல், ஜிஎஸ்டி மாற்றங்களைச் செய்து தருதல் என்று சேவையின் பெயரால் எழுதுங்கள்.

பென் டிரைவில் நிறுவிக் கொடுப்பவர்கள் அதே பென் டிரைவில் மூலநிரலையும் போட்டுவிடுங்கள். பின்னர் கேட்டால் தருகிறோம் என்று எழுத்தில் வாக்குக் கொடுத்தால், ஜிபிஎல் அந்த வாக்கைக் குறைந்தது மூன்று ஆண்டு காப்பாற்றச் சொல்கிறது. எந்தக் கடைக்கு எந்தப் பதிப்பு போனது என்று மூன்று ஆண்டு தேடுவதைவிட, கூடவே கொடுப்பது நல்லது.

6. பெயரைத் தனியாகக் காப்பாற்றுங்கள்

பதிப்புரிமை உரிமம் நிரலைப் பற்றியது. மென்பொருளின் பெயர் வணிகச் சின்னச் சட்டத்தில் வருகிறது. 1999-ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு பத்து ஆண்டு நிற்கும், புதுப்பிக்கலாம். மென்பொருளுக்கு 9-ஆம் வகுப்பு, சேவைக்கு 42-ஆம் வகுப்பு. திருத்திய பதிப்பை விற்பவர் வேறு பெயர் வைக்க வேண்டும், ஆனால் இதன் அடிப்படையில் உருவானது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அரைப்பக்கத்தில் எழுதி வையுங்கள். திருத்தாமல் அப்படியே நிறுவிக் கொடுப்பவர் உங்கள் பெயரையே பயன்படுத்த அனுமதி கொடுங்கள். அவர்தான் உங்கள் மென்பொருளை ஊர் ஊராகக் கொண்டுபோகிறவர்.

7. பங்களிப்பு வரும் வழியை முதல் பங்களிப்புக்கு முன்பே அமையுங்கள்

வெளியார் ஒருவரின் நிரலை முதன்முதலாக ஏற்கும் நாளில் நிறுவனத்தின் நிலை மாறுகிறது. அதுவரை முழுப் பதிப்புரிமையும் உங்களுடையது. உங்கள் உரிமம் உங்களையே கட்டாது. அதன் பிறகு அவர் எழுதிய பகுதிக்கு அவரே உரிமையாளர்; ஜிபிஎல்லையோ ஏஜிபிஎல்லையோ தேர்ந்திருந்தால், நீங்களும் அதன் கீழ்தான் அந்தப் பகுதியைப் பெற்றிருக்கிறீர்கள். அப்போது அந்தப் பகுதியோடு சேர்ந்த மென்பொருளை மூடிய உரிமத்தில் தனியாக விற்க முடியாது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. லினக்ஸ் கருநிரல் திட்டம் 2004 முதல் பின்பற்றும் மூலச் சான்றிதழ் முறையில், பங்களிப்பவர் ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் தம் பெயரை ஒப்பமாக எழுதி, இதைக் கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு என்று உறுதி சொல்கிறார். இன்னொன்று, பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, உரிமத்தைப் பின்னால் மாற்றும் அதிகாரத்தை நிறுவனம் பெற்றுக்கொள்வது.

சிறு நிறுவனங்கள் முதல் வழியையே எடுக்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். திருமங்கலத்தில் கணினி பழுது பார்க்கும் ஒருவர் அச்சுப் பிழை ஒன்றைத் திருத்தி அனுப்பும்போது, நான்கு பக்க ஆங்கில ஒப்பந்தத்தை நீட்டினால் அவர் திருத்தத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்வார். இரட்டை உரிமத்தில் (ஒரே நிரலைக் கட்டற்றதாகவும், தனியாக மூடிய உரிமத்திலும்) விற்பதுதான் உங்கள் வருமானம் என்றால் மட்டும் ஒப்பந்தம் வாங்குங்கள்; காரணத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள்; முதல் படியில் பார்த்த காலத்தையும் நிலப்பரப்பையும் எழுத மறக்காதீர்கள்.

8. கடைக்காரரிடம் முதலில் சொல்லுங்கள், பிறகு வெளியிடுங்கள்

ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கியவர்கள் இந்தச் செய்தியை வேறு யாரோ சொல்லிக் கேள்விப்படக் கூடாது. ஒரு பக்கத்தில், தமிழில், மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி நேரில் கொடுங்கள்: என் கணக்கு மற்றவர் கண்ணில் படுமா, நீங்கள் கடையை மூடப் போகிறீர்களா, இனி ஏஎம்சி ஏன் கட்ட வேண்டும். நான் பார்த்த இடங்களிலெல்லாம் இந்த மூன்றுதான் கேட்டார்கள். நிரல் வெளியே போகிறது, உங்கள் கணக்கு உங்கள் கணினியிலேயே இருக்கிறது என்பதை முதல் வரியாக வையுங்கள்.

உரிமத்தையே தமிழில் மொழிபெயர்த்து வைக்க விரும்பினால், அது விளக்கத்துக்காக மட்டுமே, ஆங்கில மூலமே சட்டப்படி செல்லும் என்று மேலே குறிப்பிடுங்கள். ஜிபிஎல் மொழிபெயர்ப்புகளை அதை வெளியிட்ட அறக்கட்டளையும் அந்த நிபந்தனையோடுதான் ஏற்கிறது. இவ்வளவும் முடிந்த பின் களஞ்சியத்தைத் திறந்து, முதல் பதிப்புக்கு எண்ணிடுங்கள்.

9. பயனர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள்

களஞ்சியத்தில் பிழைப் பட்டியலைத் திறந்து வைத்துவிட்டு, யாரும் வரவில்லை என்று வருந்துபவர்கள் உண்டு. நம் பயனர் கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளை. விடியற்காலையில் பூ வரத்து வந்து, ஏலம் ஓடிக்கொண்டிருக்கும்போது பில் நின்றால் அவர் தொலைபேசியில்தான் கூப்பிடுவார். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார். அவரை ஆங்கிலப் படிவம் நிரப்பச் சொல்வது நடக்காது.

எனவே ஒருவருக்கு இதைப் பொறுப்பாகக் கொடுங்கள். தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் வருவதை, கடையின் பெயரை நீக்கி, தமிழிலேயே பிழைப் பட்டியலில் பதிந்து, அந்த எண்ணைச் சொன்னவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பிழை தீர்ந்ததும் அதே எண்ணைச் சொல்லித் தகவல் தர வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படி நடந்த பின், அந்த எண் என்ன ஆயிற்று என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். பயனர் குழு என்று சொல்லத்தக்க ஒன்று எங்களுக்கு உருவானது அந்த எண்களிலிருந்துதான். பணத்தையோ தரவையோ பாதிக்கும் பாதுகாப்புக் குறைகளுக்கு மட்டும், பொதுவில் பதியாத தனி மின்னஞ்சல் முகவரி வையுங்கள்.

செய்யப் போவதில்லை என்றால் அதையும் எழுதுங்கள், காரணத்தோடு. பதில் இல்லாத கோரிக்கை மறுப்பைவிட அதிகக் கசப்பை வளர்க்கிறது. பணம் கட்டியவருக்கு எத்தனை நேரத்தில் பதில், கட்டாதவருக்கு எப்படி என்பதையும் வெளிப்படையாக வையுங்கள். வேறுபாடு இருப்பது தவறில்லை, அதை மறைப்பதுதான் சண்டையாக முடிகிறது.

நிறுவிக் கொடுத்துக் காசு வாங்கும் ஊர்த் தொழில்நுட்பர்களை எப்படி நடத்துகிறீர்கள் என்பது மிக முக்கியம். மேலூர்க்காரர் ஒருவர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணே, இதை நான் ஆலையில போட்டுக் குடுத்து ஐயாயிரம் வாங்குனா தப்பா?" தப்பில்லை என்று சொன்னதோடு, மூலநிரலைக் கூடவே கொடுக்க வேண்டியதையும், திருத்தினால் பெயர் மாற்ற வேண்டியதையும் சொல்லிக் கொடுத்தேன். இப்படிப்பட்டவரைத் திருடர்போலப் பார்த்த நிறுவனங்கள், உரிமத்தில் தாங்களே எழுதிக் கொடுத்ததை மனத்தால் கொடுக்கவில்லை. அவரிடம் வரும் குறைகள் உங்களிடம் வராத ஊர்களின் குறைகள். அவரை மாதம் ஒருமுறையாவது கூப்பிட்டுக் கேளுங்கள்.

10. உரிமம் மீறப்படும்போது

மூலநிரல் கொடுக்காமல், பதிப்புரிமை வரிகளை நீக்கி உங்கள் மென்பொருளை ஒருவர் விற்பதாகத் தெரிந்தால், முதலில் ஒரு படியை முறையாக வாங்கி உறுதி செய்யுங்கள். பிறகு தனிப்பட்ட கடிதம் எழுதுங்கள்: எந்தக் கோப்புகள், எந்தக் கடமை, எதைச் செய்தால் சரியாகும். ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில், முதல்முறை மீறியவர் அறிவிப்புக் கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் அவருக்கு நிலையாகத் திரும்பக் கிடைக்கும். அந்த 30 நாள் முடியும் முன் பொதுவில் குற்றம் சாட்டாதீர்கள். பெரும்பாலான மீறல் அறியாமையால் நடப்பது. இன்று கடிதம் பெறுபவர் நாளை திருத்தம் அனுப்புபவராக மாறியதைக் கண்டிருக்கிறேன். சரிசெய்யாதவருக்கு மட்டும் வழக்குரைஞர் அறிவிப்பு.

11. உரிமத்தை மாற்ற நினைத்தால்

வருமானம் குறையும்போது இந்த எண்ணம் வரும். பெரிய மென்பொருள் நிறுவனங்களுக்கும் வந்தது. எலாஸ்டிக் 2021-இல் அப்பாச்சி உரிமத்தை விட்டு விலகியபோது, பழைய நிரலை எடுத்துப் பிறர் தொடர்ந்த ஓப்பன்சர்ச் என்ற தனித் திட்டம் பிரிந்தது. ஹாஷிகார்ப் 2023-இல் டெராஃபார்மின் உரிமத்தை மாற்றியபோது ஓப்பன்டோஃபு பிரிந்தது. ரெடிஸ் 2024 மார்ச்சில் மாற்றியபோது அதே மாதத்தில் வால்கீ பிரிந்தது. எலாஸ்டிக் 2024-லும் ரெடிஸ் 2025-லும் ஏஜிபிஎல்லைத் தங்கள் உரிமங்களில் சேர்த்தன. பிரிந்தவை தனித் திட்டங்களாகவே தொடர்கின்றன.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், முதலில் ஏழாம் படிக்குத் திரும்பி, வெளியார் எழுதிய ஒவ்வொரு பகுதிக்கும் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பகுதியை நீக்க வேண்டும். அடுத்து, எந்தப் பதிப்பு எண்ணிலிருந்து மாறுகிறது என்பதையும், எந்த நாளில் என்பதையும் ஏஎம்சி புதுப்பிக்கும் காலத்துக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே, காரணத்தோடு, பயனர்களுக்கும் நிறுவிக் கொடுப்பவர்களுக்கும் ஒரே நாளில் தெரிவியுங்கள். கட்டற்றதாக வந்த கடைசிப் பதிப்பையும் அதன் மூலநிரலையும் பதிவிறக்கப் பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். அதிலிருந்து யாராவது பிரிந்து, வேறு பெயரில் தொடர முன்வந்தால், அவருடைய களஞ்சிய முகவரியை உங்கள் அறிவிப்பிலேயே போட்டு, தரவை அங்கே மாற்றிக்கொள்ளும் வழியையும் எழுதிக் கொடுங்கள்.